கொதிக்க வைத்தும் சாகாத நஞ்சு



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் திருப்பலி முடிந்து, மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். கைக்குழந்தையோடு ஓர் இளந்தாய் ஆலய வாசலோரமாகத் தயங்கி நின்றாள். ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் குப்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவள். என்ன அம்மா என்று கேட்டேன்.

“சாமி, பிள்ளைக்குத் தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆத்தித்தான் குடுக்கிறேன். அப்படியும் தண்ணியில என்னமோ கலந்திருக்குதுன்னு பேசிக்கிறாங்க. இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க விட்டா சரியாப் போயிடுமா?”

“நன்றாகக் கொதித்துவிட்டால் ஒன்றும் செய்யாது, பயப்படாதே” என்று சொல்லிக் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பிவிட்டேன். அவளும் நிம்மதியாகப் போனாள்.

நான் சொன்னதில் பாதிதான் உண்மை. அன்றிரவு அது நினைவுக்கு வந்தபோது மனம் உறுத்தியது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பிறர் குறைகளைக் கேட்கிறவன், தான் அவசரத்தில் சொன்ன தவறான சொல்லைத் திருத்தாமல் விடலாமோ? ஆதலின் அத்தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டியதை இம்மாதம் இப்பக்கத்தில் எல்லாருக்குமாக எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்தருள்க.

கொதிக்க வைப்பதால் சாவன கிருமிகள். காலரா, வயிற்றுக்கடுப்பு, குடற்காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகியவற்றைத் தண்ணீர் வழியே பரப்பும் நுண்ணுயிர்கள் கொதிநீரில் மாண்டுபோகின்றன. எனவே கொதிக்க வைக்கும் நல்ல பழக்கத்தை ஒருவரும் கைவிட வேண்டா. ஆனால் ஈயம், காட்மியம், ஆர்செனிக், குரோமியம் போன்றவற்றுக்கு உயிர் ஏது, கொல்லுவதற்கு? ஒன்றரைப் படி நீரை அடுப்பில் வைத்து ஒரு படியாகச் சுண்டவிட்டால், போனது ஆவி மட்டுமே. ஒன்றரைப் படியில் இருந்த உப்பும் உலோகமும் அந்த ஒரு படிக்குள் ஒதுங்கி நிற்கும். கறிக்குழம்பு சுண்டினால் உப்புக் கரிப்பது எதனால் என்று நம் வீட்டுப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அத்தாய் “இன்னும் கொஞ்ச நேரம்” கொதிக்க வைத்திருந்தால், இவ்வகை நஞ்சைப் பொறுத்தவரை குழந்தைக்குக் கொடுத்தது சற்றுக் கெட்டியான நஞ்சாக இருந்திருக்கும்.

படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளிவிக்கும். சேற்றோடு ஒட்டியிருக்கும் சிறிது உலோகமும் அதனுடன் அடியில் படியும். நீரிலே கரைந்துவிட்டதை அவை தொடுவதில்லை. செப்புக்குடம் கிருமிக்குப் பகை, இரசாயனத்திற்கு அன்று. மணலும் கரியும் இட்ட பானை வடிகட்டி சிலவற்றைப் பிடித்து வைக்கும். ஆயின் அதுவும் சத்திரம் போன்றது: இடம் நிரம்பியபின் புதிதாக வருபவரை ஏற்காது, சில வேளைகளில் பழைய விருந்தாளிகளையும் வெளியே தள்ளிவிடும்.

அழியாமல் நீடிக்கும் இந்நஞ்சுகள் இரு குலத்தைச் சேர்ந்தவை. ஒன்று உலோகங்கள். இவை படைப்பிலேயே உள்ள மூலப்பொருள்கள். எரித்தாலும் புதைத்தாலும் இடம் மாறுமேயன்றி இல்லாமற்போவதில்லை. மற்றொன்று மனிதன் தன் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியவை. டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள் இக்குலத்தின் மூத்த பிள்ளைகள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கு இலைச்சருகையும் சாணத்தையும் சிதைக்கத் தெரியும். இவற்றைச் சிதைக்க அவை எளிதில் கற்றுக்கொள்வதில்லை. இத்தகைய பன்னிரண்டு பொருள்களை ஒழிக்கவும் கட்டுப்படுத்தவும் 2001-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 2006-இல் அதனை உறுதி செய்தது. பன்னிரண்டாக இருந்த பட்டியல் பின்னர் நீண்டுகொண்டே போயிற்று. நம் நாட்டில் 1989-இலேயே வேளாண்மையில் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில் நாடு முழுவதும் தடுத்து நிறுத்தியது. தடைக்குப் பின்னும் அவற்றின் எச்சம் வண்டலில் கிடக்கிறது என்பதுதான் இக்குலத்தின் தன்மை.

இக்குலத்தின் இளைய பிள்ளைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சு, நனையாத துணி, எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை ஆகியவற்றில் பயன்படுத்திய புளோரின் சேர்ந்த இரசாயனங்கள் அவை. பி.எஃப்.ஏ.எஸ். என்று எழுத்துகளால் சுட்டுகிறார்கள். ‘என்றும் அழியா இரசாயனங்கள்’ என்பது அவற்றின் பட்டப்பெயர். சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளிலும் நிலத்தடி நீரிலும் இவை இருப்பதைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். 2024-இல் அமெரிக்க அரசு இவற்றுள் இரண்டிற்குக் குடிநீரில் விதித்த வரம்பு, ஒரு லிட்டரில் 4 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் வருவது ஒரு நானோகிராம். அவ்வளவு நுண்ணிய அளவுக்கே அஞ்சுகிறார்கள். 2012-இல் வெளியான இந்தியக் குடிநீர்த் தரத்தில் இவற்றுக்கென்று ஒரு வரி கூட இல்லை.

கடற்கரை மக்களாகிய நாம் மறக்கக்கூடாத ஊர் ஒன்று உண்டு. ஜப்பானில் கியூஷு தீவின் கரையில் உள்ள மினமாட்டா. நம்மைப் போலவே வலை வீசி வாழ்ந்த ஊர். அங்கே ஓர் இரசாயன ஆலை 1932 முதல் பாதரசம் கலந்த கழிவைக் குடாவில் விட்டது. முதலில் பித்துப் பிடித்தாற்போல் சுழன்று விழுந்தவை மீன் தின்ற பூனைகள். பிறகு குழந்தைகள் நடை தள்ளாடினார்கள், பேச்சுக் குழறிற்று. 1956 மே முதல் நாளில் நோய் முறையாகப் பதிவாயிற்று. காரணம் அந்த ஆலைதான் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள்! அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் மக்கள் அதே குடாவில் பிடித்த மீனை உண்டனர். தமக்கு நோய்க்குறி அதிகம் காணாத தாய்மார்களும், கருவிலேயே நோயுற்ற பிள்ளைகளைப் பெற்றார்கள்.

இதிலே நாம் உணர வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் குடாவின் நீரில் இருந்த பாதரசம் மிகக் கொஞ்சமே. நீரில் இருந்தது பாசியில் சேர்ந்தது. பாசியைத் தின்ற சிற்றுயிரில் கூடியது. அதைத் தின்ற மீனில் மேலும் கூடியது. மீனைத் தின்ற மனிதனிடம் வந்து குவிந்தது. நீர் நல்லதா என்று மட்டும் பார்த்திருந்தால் பிடிபட்டிராது. ஆகையால் நீரைப் பற்றிப் பேசும்போது நம் ஏரியின் சேற்றையும் மடவையையும் இறாலையும் நண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

நம் பழவேற்காட்டு ஏரி இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்தில், சிறுபகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணியாறும் காளாங்கியும் சுவர்ணமுகியும் மழைக்காலத்தில் இதனுள் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. ஆறு வரும் வழியிலுள்ள வயல்களில் தெளித்ததும் ஊர்களில் கொட்டியதும் ஆற்றோடு வரும். தெற்கே பக்கிங்காம் கால்வாய் நம்மை எண்ணூரோடு இணைக்கிறது. எண்ணூர், மணலிப் பக்கத்து ஆலைகளையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்து முழங்கால் புதைவதை நம் உறவினர் அங்கே அன்றாடம் காண்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய நாள்களில் அவர்கள் வலைகளும் படகுகளும் கருத்துப் போனதைப் போய்ப் பார்த்தவர்கள் நம்முள் உண்டு. நம் ஏரியின் வண்டலிலும் மீனிலும் காட்மியம், ஈயம், குரோமியம் முதலிய உலோகங்களை ஆய்வாளர்கள் பலமுறை அளந்து எழுதியிருக்கிறார்கள். இதனால் மீன் உண்ணாதீர்கள் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. மீனே நமக்குச் சோறு. ஒரே வகை மீனையே நாள்தோறும் உண்ணாமல் மாற்றி மாற்றி உண்பதும், சுறா போன்ற பெரிய கொன்றுண்ணி மீன்களைக் கருவுற்ற பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் குறைத்துக் கொடுப்பதும், குடலையும் கொழுப்பையும் நீக்கிச் சமைப்பதும் அறிவுடைமை. பாதரசம் சதையிலேயே தங்குவது; அதைக் கழுவியோ நீக்கியோ போக்க இயலாது. எனவேதான் பெரிய மீனில் எச்சரிக்கை வேண்டும்.

இனிக் குடிநீருக்கு வருவோம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள மணல்மேட்டில் நம் பாட்டிமார் கையால் குழி தோண்டி, ஊறிவரும் நன்னீரைக் கொட்டாங்கச்சியால் முகந்து குடம் நிரப்பினர். இரண்டு பக்கமும் உப்பு, நடுவே இனிப்பு. இது எவ்வாறு? மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் மிதக்கிறது. நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது நூறாண்டுக்கும் முன்பே அறிஞர் கண்ட கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை ஓரடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு நாளடைவில் நாற்பதடி ஏறி வரத் தொடங்கும். நூறு குடம் நன்னீரில் இரண்டு குடம் கடல்நீர் சேர்ந்தாலே, குளோரைடு ஒரு லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க அளவைத் தாண்டிவிடும். ஆறு குடம் சேர்ந்தால், வேறு வழியில்லாதபோது பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்த 1000 மில்லிகிராம் வரம்பும் போயிற்று.

மீஞ்சூரில் நடந்தது இதுவே. 1960-களின் இறுதியில் ஐக்கிய நாடுகளின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகைகளை ஆய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டுச் சென்னைக்கும் ஆலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். உழவர்களும் இறைத்தார்கள். 1969-இல் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே இருந்த உப்பு, 1983-இல் 7 கிலோமீட்டரும் 1987-இல் 9 கிலோமீட்டரும் நகர்ந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. உப்பு வண்டி ஏறி வரவில்லை. நாம் கயிறு போட்டு இழுத்தோம். 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நிலத்தடியில் மழை இலவசமாகச் சேமித்து வைத்ததை இழந்து, அதே கரையில் மின்சாரம் செலவிட்டுக் கடலைப் பிழிகிறோம்.

இவ்விடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நல்லுள்ளம் படைத்த ஒருவர் நன்கொடை தந்தார். அதனால் ஆலய வளாகத்தில் சவ்வூடு வடிகட்டும் இயந்திரம் ஒன்றை நிறுவினோம், ஆர்.ஓ. என்று நீங்கள் சொல்வது. நானே தீர்த்தம் தெளித்து மந்திரித்தேன். குடம் குடமாக நல்ல நீர் வந்தது. அது தள்ளிவிடும் கழிவுநீர் எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. உள்ளே போகும் நீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளிவரும். நல்ல நீரிலிருந்து பிரித்த உப்பும் உலோகமும் அதிலேதான் செறிந்திருக்கும். வேலையாட்கள் அதன் குழாயை, வளாகத்துப் பழைய கிணற்றுக்குப் பத்தடி தள்ளி ஒரு குழியில் விட்டிருந்தனர். மணல் தரை, கேட்க வேண்டுமா? இரண்டு கோடை கழிந்தபின் ஒரு பாட்டி, “சாமி, நம்ம கிணத்துத் தண்ணி கரிக்குதே” என்றாள். நன்கொடையாளருக்கு நன்றிக் கூட்டம் நடத்திய எனக்கு, ஒரு குழியை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. நிறுவியவர்களும் முதலாண்டுக்குப் பின் சவ்வை மாற்ற வரவேயில்லை. பிறகு நாங்களே குழாயை மாற்றிக் கழிப்பறைக்கும் தரை கழுவுவதற்கும் திருப்பினோம். இரண்டு ஐப்பசி, கார்த்திகை மழை கடந்தபின்னரே கிணறு ஓரளவு தேறிற்று.

அழியாத நஞ்சைக் கையாளும் இடமெங்கும் இந்தக் குழியின் கேள்வி உண்டு. எந்த வடிகட்டியும் இதை அழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்கிறது. சவ்வு கழிவுநீரில் வைக்கிறது. கரித்துண்டு தன்னுள் வைக்கிறது. அந்தக் கழிவும் அந்தக் கரியும் போகுமிடம் எது என்று கேட்ட பின்னரே இயந்திரம் வாங்க வேண்டும். இன்னொன்று: கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இவ்வியந்திரம் வேண்டா என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் கூறியது. நீரை வீணாக்குவதே அதற்குக் காரணம்.

கேன் தண்ணீர் விற்பவரும் இயந்திரம் விற்பவரும் பேனா போன்ற ஒரு கருவியை நீரில் நனைத்து, “பாருங்கள், வெறும் 90” என்று காட்டுவார்கள். அந்த எண் மொத்த உப்பின் மதிப்பீடு மட்டுமே. நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதைக் கொண்டு கணிப்பது. ஈயத்துக்கு இந்தியத் தரம் வகுத்த வரம்பு லிட்டரில் 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003, பாதரசத்துக்கு 0.001. இவை பத்து மடங்கு மிகுந்தாலும் அக்கருவியின் எண் அசையாது. பூச்சிக்கொல்லியை அது அறியவே அறியாது. உப்புக் கரிக்கும் நீரில் நஞ்சு இல்லாதிருக்கலாம். இனிக்கும் நீரில் இருக்கலாம். நாவை நம்பி நீரைத் தேர்ந்த காலம் போயிற்று என்பது எனக்கே வருத்தம் தரும் செய்திதான்.

வீட்டுக்குள்ளேயும் கொஞ்சம் பார்ப்போம். தண்ணீர்ப் பஞ்சம் வந்தாலும் வந்தது, வீட்டுக்கு வீடு நீலப் பீப்பாய்கள் நிற்கின்றன. அவற்றுள் பல, ஆலைகளில் இரசாயனம் வந்திறங்கிய பழைய பீப்பாய்கள். விலை மலிவு. எவ்வளவு கழுவினாலும் பிளாஸ்டிக்கின் உடம்பில் ஊறியது மெல்ல மெல்ல நீருக்குள் வரும். என்ன இருந்தது என்று தெரியாத பீப்பாயில் குடிநீர் வைக்கவே கூடாது. பூச்சிமருந்து டப்பாவைக் கழுவி மொண்டு குடிக்கப் பயன்படுத்தும் வீட்டையும் நான் கண்டதுண்டு. வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டுகளைச் சிலர் வீட்டு முற்றத்திலேயே, சோறாக்கும் அடுப்பிலேயே உருக்கி வார்க்கிறார்கள். பிள்ளைகள் பக்கத்தில் குந்தி வேடிக்கை பார்க்கின்றன. ஈயப்புகையும் தூளும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பவை. ஊருக்கு வெளியே, கிணற்றுக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் அவ்வேலையைச் செய்தால் என்ன? இயந்திரப் படகின் பழைய எண்ணெயை மணலில் ஊற்றுகிறோம். அந்த மணலுக்குக் கீழேதான் பாட்டிமார் தோண்டிய ஊற்று இருக்கிறது. ஆலைக்காரரைக் குறை கூறும் உரிமை நமக்கு நிரம்ப உண்டு. இதைச் சொல்வதால் அது குறையாது.

கூரைமேல் விழும் மழையே இன்றும் நமக்குக் கிடைக்கும் தூய நீர். 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கியபோது பல இடங்களில் பெயருக்கு ஒரு குழாய் வைத்தோம். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்ததை மூடிய தொட்டியில் சேர்த்தால் ஒரு வீட்டின் குடிநீருக்கும் சமையலுக்கும் பல வாரம் வரும். மிஞ்சியதை மணலுக்குள் இறக்கினால் மிதக்கும் நன்னீர் மட்டம் உயரும். உப்பு தானே கீழிறங்கும்.

பொன்னேரிப் பக்கத்து உழவர் குடும்பங்களும் இவ்விதழைப் படிக்கின்றன; அவர்களுக்குச் சொல்லக் கொங்கு நாட்டில் ஒரு பாடம் உண்டு. நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்திற்காகக் கட்டி முடிக்கப்பட்டது. திருப்பூர்ச் சாயக் கழிவு அதில் வந்து தேங்கிற்று. விளைவு என்ன? அணையைத் திறந்து நீர் விடுங்கள் என்று உலகெங்கும் உழவர் கேட்பார்கள். அங்கே கீழ்மடை உழவர்கள், எங்கள் வயலுக்கு அந்நீரை விடாதீர்கள் என்று முறையிட்டார்கள். கழிவே வெளிவிடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. அது நிறைவேறாமையால் 2011 தொடக்கத்தில் சாய ஆலைகளை மூடச் சொல்லிற்று. பின்னர் நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தத் தொடங்கினர். நீர் திரும்ப வந்தது, சரி. பிரிந்த உப்பும் சேறும் மூட்டை மூட்டையாக நிற்கின்றனவே, அவற்றை எங்கே வைப்பது? என் ஆலயத்துக் குழி அங்கே மலையாக நிற்கிறது.

ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்திலும் இப்படித்தான். மேலே சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் வயலில் படிந்து, நெல்லில் ஏறி, எலும்பு நொறுங்கும் நோயைத் தந்தது. வலி தாங்காமல் நோயாளிகள் கதறியதையே அந்நோய்க்குப் பெயராக வைத்தார்கள். கெட்ட வயல்களின் மேல்மண்ணை மாற்றிச் சீர்செய்யும் பணி முப்பதாண்டுக்கு மேல் நடந்து 2012-இல்தான் முடிந்தது. ஒரு தலைமுறை உழவன் இழந்ததை அடுத்த தலைமுறைதான் திரும்பப் பெற்றது.

நம் ஏரிக்கரைக்கே ஒரு காப்பு உண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டனர். இறால் பண்ணைகள் பெருகி, பக்கத்து வயலும் கிணறும் உவர்ப்பாகிய காலத்தில், காந்தியவாதியான எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11-இல் வந்த தீர்ப்பில் சிலிகா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் பெயர் சொல்லி, அவற்றிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கலாகாது என்று கூறப்பட்டது. தலைநகரில் அமர்ந்த நீதிபதிகள் நம் ஏரியின் பெயரை உச்சரித்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அத்தீர்ப்பு தெரியுமா?

எசேக்கியேல் இறைவாக்கினர் கண்ட காட்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. கோவிலிலிருந்து புறப்பட்ட நீர் ஆறாகிக் கடலில் பாய்கிறது. கடல் நலம் பெறுகிறது. கரையெங்கும் மீனவர் வலை விரிக்கின்றனர். ஆயினும் சதுப்புகளும் உளைகளும் மட்டும் நன்னீராகாமல் உப்புக்கென்றே விடப்படுகின்றன. குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது இந்த விதிவிலக்கு எனக்கு விளங்கவில்லை; இங்கே வந்து வாழ்ந்தபின் விளங்கிற்று. உப்பு தீமையன்று. நம் ஏரியில் உவர்ப்பு ஏறி இறங்குவதால்தான் இறால் வளர்கிறது. உப்புக்கு உரிய இடம் உண்டு, நன்னீருக்கு உரிய இடம் உண்டு. பாதுகாப்பான குடிநீர் பெறுவது மனிதனின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் எழுதியதும், ஏழை எளியோரின் குடத்தை மனத்தில் வைத்துத்தான்.

இனி, நாங்கள் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். மறு ஞாயிறு அந்தத் தாயைத் தேடிச் சென்று, நான் சொன்னது பாதிதான் அம்மா என்று விளக்கினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்போ தண்ணியை யாருகிட்ட காட்டணும் சாமி?” என்று மட்டும் கேட்டாள். ஊர் தோறும் ஐந்து பெண்களுக்கு நீர்ப்பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரும் ஏற்பாடு ஜல் ஜீவன் திட்டத்தில் உண்டு. அப்பெட்டி குளோரைடு, நைட்ரேட்டு, புளோரைடு போன்றவற்றைக் காட்டும். ஈயத்தையும் பூச்சிமருந்தையும் காட்டாது. எனவே தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்திற்கு மாதிரி கொண்டுபோவது என்று முடிவு செய்தோம். ஊர்க் குழாய், ஆலயக் கிணறு, கேன் தண்ணீர், அவள் வீட்டு நீலப் பீப்பாய் என நான்கு மாதிரிகள். பீப்பாயையும் சேர்க்க வேண்டுமென்று சொன்னவள் அவளே.

அறிக்கை வந்திருக்கிறது. கிணற்றில் குளோரைடு ஏற்கத்தக்க அளவுக்கு மேல், பொறுக்கத்தக்க வரம்புக்குள். கேன் நீரில் உப்பு மிகக் குறைவு. கன உலோகத்துக்கும் பூச்சிமருந்துக்கும் வேறு ஆய்வுக்கூடம், வேறு கட்டணம் என்றார்கள். பீப்பாய் நீரைப் பற்றி நாங்கள் கேட்ட கேள்விக்கு அந்த அறிக்கையில் விடையில்லை. அவள் அந்தத் தாளை இரண்டு முறை மடித்துப் புடைவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடும். உலோகங்களுக்கும் பூச்சிக்கொல்லிக்கும் ஆண்டுக்கொரு முறையேனும் ஊர்ச் செலவில் சோதனை நடத்த வேண்டும் என்ற தீர்மானத்தை எழுதிக் கொடுக்கும் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். சபையில் அதை வாசிப்பவள் அவள். நீலப் பீப்பாய் இப்போது அவள் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் நீருக்கு நிற்கிறது.